சூட்டைச் சுமந்து போன காற்று

2010 பிப்ரவரி 11, இரவு 8.44 மணி. கலிபோர்னியாவின் பாயின்ட் முகு கடற்கரைக்கு அப்பால், மிதக்கும் மேடை ஒன்றிலிருந்து ஒரு குறுந்தூர ஏவுகணை சீறிக் கிளம்பியது. அந்நேரம் வானில் ஒரு போயிங் 747 வட்டமிட்டுக்கொண்டிருந்தது. நாம் சிங்கப்பூருக்கும் லண்டனுக்கும் ஏறிப்போன அதே ரக விமானம்தான். மூக்கு மட்டும் வேறு. அங்கே திரும்பும் உருண்டை ஒன்றும், அதற்குள் ஒன்றரை மீட்டர் அகலத்தில் ஓர் ஆடியும் இருந்தன. ஏவுகணையின் நெருப்பை விமானத்தின் உணரிகள் கண்டுகொண்டன. ஒரு சிறிய லேசர் அதைப் பின்தொடர்ந்தது. இன்னொரு சிறிய லேசர் இடையில் இருந்த காற்றின் கலக்கத்தை அளந்து சொன்னது. பிறகு மெகாவாட் அளவிலான பெரிய கற்றை, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பில் பாய்ந்தது. ஏவுகணை கிளம்பி இரண்டு நிமிடம் ஆவதற்குள், அதன் எந்திரம் எரிந்துகொண்டிருக்கும்போதே, உடல் சூடேறிப் பிளந்தது.

மேலேறிக்கொண்டிருக்கும் பாலிஸ்டிக் ஏவுகணை ஒன்றை, பறக்கும் விமானத்திலிருந்து ஒளியால் வீழ்த்தியது உலகில் அதுவே முதல் முறை. அந்த ஒளியைப் பிறப்பித்த சரக்கு எது தெரியுமா? குளோரின், ஹைட்ரஜன் பெராக்சைடு, அயோடின். குடிநீரைச் சுத்தம் செய்வது, புண்ணைக் கழுவுவது, உப்பில் கலப்பது என்று நம் வீட்டுப் புழக்கத்தில் உள்ள பெயர்கள்.

இரண்டு ஆண்டுகூட ஆகவில்லை. 2011 டிசம்பரில் அந்தத் திட்டத்துக்கு மூடுவிழா நடந்தது. 500 கோடி டாலருக்கு மேல் விழுங்கிய அந்த விமானம் 2012 பிப்ரவரியில் அரிசோனா பாலைவனத்தின் விமானக் கிடங்குக்குக் கடைசியாகப் பறந்து போனது. 2014 செப்டம்பரில் அதை உடைத்துப் பழைய இரும்பாக்கினார்கள்.

வென்ற ஆயுதத்தை ஏன் உடைத்தார்கள்? அரசியல், பணம், போர்த்தந்திரம் என்று பல காரணங்கள் சொல்லப்பட்டன, எல்லாம் உண்மை. ஆனால் அவற்றுக்கெல்லாம் அடியில் ஒரு பௌதிகக் காரணம் இருக்கிறது. உயர் ஆற்றல் வாயு லேசரின் அரை நூற்றாண்டு வரலாறும் ஒரே ஒரு சொல்லைச் சுற்றியே ஓடுகிறது. அந்தச் சொல், சூடு.

எந்த லேசரும் அதற்குக் கொடுக்கும் ஆற்றல் முழுவதையும் ஒளியாகத் திருப்பித் தராது. பெரும்பகுதி சூடாக மிஞ்சும். 1960 மே 16 அன்று கலிபோர்னியாவின் மாலிபுவில் தியோடர் மைமன் முதல் லேசரை ஒளிரச் செய்தபோது, உள்ளே இருந்தது ஒரு சிறிய மாணிக்கத் தண்டு. திடப்பொருளில் சூடு தங்கும். தண்டு வளையும், ஒளி கோணும், அளவு மீறினால் கல்லே விரிசல் விடும். வாயுவுக்கு அந்தத் தொல்லை இல்லை. சூடான வாயுவை வெளியே தள்ளிவிட்டுப் புதிதாக உள்ளே விடலாம். வாயு லேசருக்குக் கிடைத்த வரம் இதுதான். சாபமும் இதிலேயே ஒளிந்திருந்தது. தள்ளிவிட்ட வாயுவுக்கு மாற்றாக இன்னொரு தொட்டி வாயு வேண்டுமே!

பாராமதிக்காரர் சேர்த்த நைட்ரஜன்

முதல் வாயு லேசரைச் செய்தவர் டெஹ்ரானில் பிறந்த அலி ஜவான். 1960 டிசம்பர் 12 அன்று, நியூ ஜெர்சி பெல் ஆய்வகத்தில், ஹீலியமும் நியானும் கலந்த குழாயிலிருந்து இடைவிடாத கற்றையை அவரும் சகாக்களும் பெற்றார்கள். மைமனின் லேசர் மின்னி மின்னி அணைந்தது. இது நின்று எரிந்தது. ஆனால் அதன் வலு மில்லிவாட் கணக்கில்தான். அதைக்கொண்டு ஒரு நூலைக்கூட அறுக்க முடியாது.

நூலென்ன, எஃகையே அறுக்கும் வழியைத் திறந்தவர் நம் நாட்டுக்காரர். மகாராஷ்டிரத்தின் பாராமதியில் 1938இல் பிறந்து, புனே பொறியியல் கல்லூரியில் படித்து, ஸ்டான்ஃபோர்டில் முனைவர் பட்டம் பெற்று, 1961இல் பெல் ஆய்வகத்தில் சேர்ந்த சி. குமார் படேல். இந்தப் பெயரை நம் பள்ளிப் பாடநூல்கள் ராமனுக்கு அடுத்த பக்கத்தில் அச்சிட்டிருக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆதங்கம்.

அதுவரை லேசர் செய்தவர்கள் அணுக்களுக்குள் இருக்கும் எலெக்ட்ரான்களின் தாவலை நம்பினார்கள். அந்தத் தாவல் பெரியது. ஏற்றிவிட நிறைய ஆற்றல் வேண்டும், திரும்பக் கிடைப்பதோ கொஞ்சம். படேல் மூலக்கூறின் அதிர்வைப் பார்த்தார். கார்பன் டை ஆக்சைடு மூலக்கூறு, ஒரு கம்பியில் கோத்த மூன்று மணிகளைப் போன்றது. நடுவில் கார்பன், இரு முனையிலும் ஆக்சிஜன். மணிகள் முன்னும் பின்னும் ஆடும், கம்பி வளைந்தும் நெளியும். ஓர் ஆட்டத்திலிருந்து அதைவிடச் சற்றே குறைந்த இன்னோர் ஆட்டத்துக்கு மூலக்கூறு இறங்கும்போது, 10.6 மைக்ரோமீட்டர் அலைநீளத்தில் ஒளி விடுகிறது. படிகள் எல்லாம் தரைக்குப் பக்கத்திலேயே இருப்பதால் ஆற்றல் வீணாவது குறைவு.

1964இல் வந்த அவருடைய முதல் கரியமில வாயு லேசரும் மில்லிவாட் பிள்ளைதான். திருப்பம் நைட்ரஜனைச் சேர்த்தபோது வந்தது. நைட்ரஜன் மூலக்கூறின் ஆட்டத்துக்கான ஆற்றல், கார்பன் டை ஆக்சைடின் மேல்படிக்கு ஏறக்குறைய சமம். மின்னோட்டத்தில் நைட்ரஜனை எளிதில் ஆட்டிவிடலாம். ஆடத் தொடங்கிய நைட்ரஜனால் தானாக ஒளி விட்டு ஓய முடியாது. எனவே அது மாடியில் நிரம்பி நிற்கும் தண்ணீர்த் தொட்டிபோல ஆற்றலைத் தேக்கி வைத்துக்கொள்கிறது. பக்கத்தில் வரும் கார்பன் டை ஆக்சைடு மீது மோதி, அதை அப்படியே கைமாற்றிவிடுகிறது. பிறகு ஹீலியமும் சேர்ந்தது. கீழ்ப்படியில் தேங்கி நிற்கும் மூலக்கூறுகளைத் தரைக்கு இறக்கிவிடுவதும், சூட்டைக் குழாயின் சுவருக்குக் கொண்டுபோவதும் ஹீலியத்தின் வேலை. 1965க்குள் வலு நூறு வாட்டை எட்டியது. ஒரே ஆண்டில் பல ஆயிரம் மடங்கு.

அங்கே ஒரு சுவர் எதிர்ப்பட்டது. மூடிய குழாயில் சூடு வாயுவின் ஊடே மெல்ல நகர்ந்து சுவரை அடைந்துதான் தணிய வேண்டும். குழாயை எவ்வளவு அகலமாக்கினாலும் பயனில்லை. மீட்டருக்கு இத்தனை வாட் என்ற கணக்கைத் தாண்ட முடியவில்லை. குழாயை மடித்து மடித்து நூறு மீட்டருக்கு மேல் நீட்டியவர்களும் உண்டு. காப்பியைப் பிளாஸ்க்கில் ஊற்றி மூடிவிட்டு ஆறட்டும் என்று காத்திருந்த கதை அது. ஆற வேண்டுமானால் ஆற்ற வேண்டும், டம்ளருக்கும் டபராவுக்குமாக ஓடவிட வேண்டும்.

ராக்கெட்டை லேசராக்கியவர்கள்

ஓடவிட்டவர்கள் லேசர்க்காரர்கள் அல்ல, ராக்கெட்காரர்கள். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் எவரெட்டில் ஆர்தர் கான்ட்ரோவிட்ஸ் நடத்திவந்த ஆவ்கோ ஆய்வகம், அணுகுண்டுத் தலைகள் விண்ணிலிருந்து திரும்பும்போது எப்படிச் சூடாகின்றன என்பதை ஆராய்ந்துவந்த இடம். மிகு வெப்ப வாயு ஒலியை மிஞ்சும் வேகத்தில் ஓடினால் என்ன ஆகும் என்பது அவர்களுக்குக் கைவந்த கலை. (இதே கான்ட்ரோவிட்ஸ்தான், தம் சகோதரரான இதய அறுவை மருத்துவருடன் சேர்ந்து, பலவீனமான இதயத்துக்கு உதவும் பலூன் பம்பை உருவாக்கினார். அந்தப் பம்பு இன்றும் நம் ஊர் மருத்துவமனைகளில் உயிர் காக்கிறது.)

அவர்களின் யோசனை எளிமையானது, துணிச்சலானது. மின்சாரமே வேண்டாம். எரிபொருளை ராக்கெட் அறையில் எரித்து, கார்பன் டை ஆக்சைடும் நைட்ரஜனும் நிறைந்த கொதிவாயுவை உண்டாக்கு. அதைக் குறுகிய வாய்கள் வரிசையாகக் கொண்ட நாசில்கள் வழியே ஒலியைப்போல் சுமார் நான்கு மடங்கு வேகத்தில் பீய்ச்சு. சைக்கிள் டியூபின் வால்வைத் திறந்தால் சீறும் காற்று விரலில் ஜில்லென்று படுமல்லவா, அதுபோல விரிந்த வாயு நொடிப்பொழுதில் குளிர்கிறது. இந்தக் குளிர்ச்சி மூலக்கூறுகளுக்குச் சமமாக எட்டுவதில்லை. கீழ்ப்படியில் உள்ளவை உடனே இறங்கிவிடுகின்றன. நைட்ரஜன் மட்டும் கொதிநிலையில் ஆடிய ஆட்டத்தை நிறுத்த நேரமின்றி, ஆடிக்கொண்டே பறந்து வருகிறது. மேலே கூட்டம், கீழே வெற்றிடம். லேசருக்கு வேண்டியது அதுதான். ஓட்டத்துக்குக் குறுக்கே இரண்டு ஆடிகளை வைத்தால் கற்றை தயார். சூடோ, புகையோடு புகையாக வெளியே போய்விடுகிறது.

சோவியத் அறிஞர்கள் நிகோலாய் பாசவும் அலெக்சாந்தர் புரோகரவும் இதே திசையில் கோட்பாடு வகுத்திருந்தார்கள். 1964இல் சார்லஸ் டவுன்ஸுடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர்கள் இவர்கள். ஆவ்கோ இதை 1966இல் செய்து காட்டியது. ரகசியம் விலகிய 1970இல் எட்வர்ட் ஜெரி எழுதிய கட்டுரையில் 60 கிலோவாட் என்ற எண்ணைப் பார்த்து உலகம் மலைத்தது. பத்தாண்டில் மில்லிவாட்டிலிருந்து பத்தாயிரக்கணக்கான வாட் வரை!

அதன் பிறகு ராணுவம் கைவைக்காமல் இருக்குமா? நியூ மெக்சிகோவின் கிர்ட்லாண்ட் விமானப்படைத் தளம் ஒரு பழைய கேசி-135 விமானத்துக்குள் இந்த ராக்கெட் லேசரை ஏற்றியது. 1981 ஜூனில் நடந்த முதல் சோதனை செய்தியாளர்களுக்குத் தெரிந்தே தோற்றது. 1983இல் அதே விமானம் தன்னை நோக்கி வந்த ஐந்து சைடுவைண்டர் ஏவுகணைகளை வரிசையாக முறியடித்தது. அடுத்த ஆண்டே ஓய்வு. இன்று ஓஹாயோ மாநிலத்தின் டேட்டன் விமானப்படை அருங்காட்சியகத்தில் அது நிற்கிறது.

வென்ற கையோடு ஏன் ஓய்வு? 10.6 மைக்ரோமீட்டர் என்பது ஆயுதத்துக்கு ஒவ்வாத நீளம். அலை நீள நீளக் கற்றை விரியும். ஒன்றரை மீட்டர் ஆடியிலிருந்து கிளம்பும் அந்தக் கற்றை, குறையே இல்லாத ஆடியாக இருந்தாலும், 100 கிலோமீட்டரில் ஓர் ஆள் உயரத்துக்குப் பரவிவிடும். போதாக்குறைக்கு, போகிற வழியில் காற்றையும் சூடாக்கும். சூடான காற்று வில்லைபோல நடந்துகொண்டு கற்றையை இன்னும் சிதறடிக்கும். லேசருக்குள் துரத்தியடித்த சூடு, வெளியே வழிமறித்து நின்றது.

விஷத்தை எரித்து ஒளி

அலையைக் குறுக்க வேதியியலை நாடினார்கள். டொரன்டோவின் ஜான் பொலானி, வேதிவினையில் பிறக்கும் மூலக்கூறு ஆடிக்கொண்டே பிறக்கிறது, அதிலிருந்து லேசர் செய்யலாம் என்று 1961லேயே சொல்லியிருந்தார். 1965இல் பெர்க்லியில் காஸ்பரும் பிமென்டெலும் ஹைட்ரஜனும் குளோரினும் சேரும் வினையிலிருந்து முதல் வேதிலேசரைப் பெற்றார்கள். குளோரினுக்குப் பதில் ஃபுளோரின் வந்தது, ஹைட்ரஜனுக்குப் பதில் அதன் கனத்த உடன்பிறப்பான டியூட்டீரியம் வந்தது. அலைநீளம் 3.8 மைக்ரோமீட்டர் அளவுக்குச் சுருங்கியது. காற்று அதிகம் தடுக்காத நீளம்.

இந்த வகையில் அமெரிக்கா கட்டிய மிராக்கிள் என்ற பிரம்மாண்டம் 1980இல் முதலில் எரிந்தது. எத்திலீனை நைட்ரஜன் டிரைஃபுளோரைடில் எரித்து, மிஞ்சும் ஃபுளோரினோடு டியூட்டீரியத்தைச் சேர்ப்பது அதன் வேலைமுறை. மெகாவாட்டைத் தாண்டிய வலு. 1997 அக்டோபரில் 420 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றிய அமெரிக்காவின் சொந்தச் செயற்கைக்கோள் மீதே அதைக் குறிவைத்துச் சோதித்தார்கள். ரஷ்யா எதிர்ப்புத் தெரிவித்தது. விண்வெளியில் கண் குருடாக்கும் போட்டி தொடங்கிவிடுமோ என்ற அச்சம் அன்று எழுந்தது. நியாயமான அச்சம்.

இதே குடும்பத்தில் இஸ்ரேலும் அமெரிக்காவும் சேர்ந்து செய்த இன்னொரு லேசர், 2000 ஜூன் 6 அன்று, பறந்து வந்த கத்யூஷா ராக்கெட்டை வீழ்த்தியது. பீரங்கிக் குண்டுகளையும் அது பிறகு வீழ்த்தியது. ஆனாலும் அது பல பேருந்துகளை வரிசையாக நிறுத்தியது போன்ற சாதனம். மூச்சில் பட்டால் நுரையீரலை அரிக்கும் புகை. எல்லையோரக் கிராமத்துப் பக்கத்தில் இதை யார் நிறுத்துவார்கள்? 2005இல் அதுவும் முடிந்தது.

747 விமானத்தில் ஏறியது மூன்றாம் தலைமுறை. 1977இல் கிர்ட்லாண்டிலேயே கண்டுபிடிக்கப்பட்டது. குளோரினைக் காரம் கலந்த ஹைட்ரஜன் பெராக்சைடில் விட்டால், ஆற்றல் ஏறிய ஆக்சிஜன் கிளம்பும். அது தன் சுமையை அயோடினிடம் இறக்கிவைக்கும். அயோடின் 1.315 மைக்ரோமீட்டரில் ஒளிரும். படேலின் அலையில் எட்டில் ஒரு பங்கு. ஆள் உயரப் பொட்டு இப்போது ஒரு சாண் அளவுக்கு ஒடுங்கிவிடும். பொறியியலின் அழகு என்று இதைத்தான் சொல்வேன். ஆனால் ஒவ்வொரு முறை சுடும்போதும் ரசாயனம் தீரும். தீர்ந்தால் இறங்கி நிரப்ப வேண்டும். 2009இல் அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சர் ராபர்ட் கேட்ஸ் நாடாளுமன்றக் குழுவிடம் கணக்குச் சொன்னார்: பகை நாட்டு எல்லைக்கு வெளியே நின்று சுட வேண்டுமானால், இருக்கும் லேசரைப் போல் 20 முதல் 30 மடங்கு வலு வேண்டும். அதற்கு எந்த விமானத்திலும் இடம் இல்லை.

சோவியத் பக்கத்தில் நடந்ததும் வேறல்ல. ஐஎல்-76 விமானத்தில் லேசர் ஏற்றிய ஏ-60 1981இல் பறந்தது. 1987 மே 15 அன்று, லேசர் போர்க்கலத்தின் மாதிரியான ஸ்கிஃப், எனர்ஜியா ராக்கெட்டில் கிளம்பிச் சுற்றுப்பாதையை எட்டாமல் பசிபிக்கில் விழுந்தது. கஜகஸ்தானின் சாரி ஷகான் தளத்தில் பயங்கர லேசர் இருப்பதாகப் பென்டகன் பல ஆண்டுகள் பயமுறுத்தியது. 1989இல் கோர்பச்சேவ் காலத்துத் திறப்பில் அமெரிக்க அறிவியலாளர்கள் நேரில் போய்ப் பார்த்தபோது, அங்கே இருந்தவை அந்தப் பயத்துக்குக் கொஞ்சமும் ஈடில்லாத சிறு லேசர்கள். இரு தரப்பும் எதிராளியின் நிழலுக்கு அஞ்சியே கோடிகளைக் கொட்டின.

இந்தியாவும் இந்தப் பாதையில் நடந்தது. டெல்லியின் லாஸ்டெக் ஆய்வகம், ஆதித்யா என்ற பெயரில் வாயு இயக்க லேசர் ஒன்றை வாகனத்தில் ஏற்றிச் செய்து பார்த்தது. ஆனால் 2025 ஏப்ரல் 13 அன்று கர்னூல் சோதனைத் தளத்தில் ட்ரோன்களைச் சுட்டெரித்த 30 கிலோவாட் ஆயுதம் வாயு லேசர் அல்ல. மின்சாரம் இருக்கும்வரை சுடும், நிரப்ப வேண்டிய தொட்டி எதுவும் இல்லாத வகை. உலகெங்கும் இப்போது அதுவே போர்க்களத்தின் வழி.

சூடே இல்லாத வெட்டு

அப்படியானால் வாயு லேசர் தோற்றதா? இல்லை. ஆயுதமாகத்தான் தோற்றது. 1967 மே மாதம் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் அருகே பீட்டர் ஹோல்ட்கிராஃப்ட் 300 வாட் கரியமில வாயு லேசரோடு ஆக்சிஜன் பீய்ச்சி ஒரு மில்லிமீட்டர் எஃகை வெட்டினார். தொழிற்சாலை லேசர் வெட்டு அங்கே பிறந்தது. இன்று நம் ஊர்த் தெருவில் அக்ரிலிக் பெயர்ப்பலகை வெட்டித் தரும் கடையில் இருப்பது படேலின் அதே கலவைதான்.

சென்னையில் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழகத்தில் பட்டமும் முதுகலையும் முடித்து, அமெரிக்கா போனவர் ரங்கசாமி சீனிவாசன். ஐபிஎம் ஆய்வகத்தில் அவரும் சாமுவேல் பிளம், ஜேம்ஸ் வின் ஆகியோரும் ஆர்கான், ஃபுளோரின் வாயுக்கள் கலந்த எக்சிமர் லேசரோடு வேலை செய்தார்கள். அலைநீளம் 193 நானோமீட்டர், கண்ணுக்கு எட்டாத புற ஊதா. 1981 நவம்பர் 27 அன்று, முந்தைய நாள் நன்றி நவிலல் விருந்தில் மிஞ்சிய வான்கோழித் துண்டைச் சீனிவாசன் ஆய்வகத்துக்குக் கொண்டுவந்து கற்றையின் கீழ் வைத்தார். பச்சை லேசரால் வெட்டிய இடம் கருகியது. எக்சிமர் வெட்டிய இடமோ கத்தி வைத்து அளந்து அறுத்ததுபோல் சுத்தமாக இருந்தது, ஓரத்தில் கரி இல்லை. காரணம், அந்த ஒளித்துகள் ஒவ்வொன்றும் மூலக்கூறின் பிணைப்பையே நேரடியாக அறுக்கும் ஆற்றல் கொண்டது. துண்டுகள் பறந்து போகும்போது சூட்டையும் எடுத்துக்கொண்டு போய்விடுகின்றன. இதிலிருந்து வளர்ந்ததுதான் கண்ணாடியைக் கழற்றி எறிய வைக்கும் லேசிக் சிகிச்சை. ராணுவ விமானங்கள் கோடிகளைக் கொட்டித் தேடிய விடையை, ஒரு சென்னைக்காரர் மிச்சமான விருந்துச் சாப்பாட்டில் வேறு விதமாகக் கண்டார்.

இன்று உலகின் மிக விலையுயர்ந்த உற்பத்தி எந்திரங்களில் ஒன்று, நெதர்லாந்தின் ஏஎஸ்எம்எல் நிறுவனம் செய்யும் சிப் அச்சடிக்கும் கருவி. அதன் இதயம் ஜெர்மனியின் டிரம்ஃப் நிறுவனம் செய்யும் கரியமில வாயு லேசர். ரசம் வைக்கும் ஈயச் சொம்பின் உலோகமான வெள்ளீயத்தை உருக்கி, மயிரிழையினும் மெல்லிய துளிகளாக நொடிக்கு 50,000 சொட்டவைக்கிறார்கள். விழும் ஒவ்வொரு துளியையும் லேசர் இரண்டு முறை அடிக்கிறது. முதல் அடியில் துளி அப்பளம்போல் தட்டையாகிறது. இரண்டாவது அடியில் சூரியனின் மேற்பரப்பைப்போல் பல மடங்கு சூடான பிளாஸ்மாவாகி, 13.5 நானோமீட்டர் ஒளியை உமிழ்கிறது. அந்த ஒளிதான் நம் கைபேசியின் மிக நுண்ணிய சிப்புகளை வரைகிறது. போர்க்களத்தில் குறையாகிப்போன 10.6 மைக்ரோமீட்டர் நீளம், வெள்ளீயத்தின் மீது நிறையாகிவிட்டது. குறுகிய அலையைவிட இதுவே அந்தப் பிளாஸ்மாவிலிருந்து வேண்டிய ஒளியைச் சிறப்பாகக் கறக்கிறது. தொட்டி தீரும் கவலையும் இங்கே இல்லை. தொழிற்சாலைச் சுவருக்குள், வாயு விசையோடு சுற்றி, குளிர்ந்து, மீண்டும் அதே குழாய்க்கு வருகிறது.

செமிகண்டக்டர் ஆலைகளுக்கு நம் நாடு கோடிகளை ஒதுக்கும் நேரம் இது. இந்தூரின் ராஜா ராமண்ணா மையத்தில் கிலோவாட் கணக்கில் கரியமில வாயு லேசர் கட்டியவர்கள் இருக்கிறார்கள். டெல்லியில் ஆதித்யாவைக் கட்டியவர்கள் இருக்கிறார்கள். நாசிலுக்குள் ஓடும் வாயுவைக் கைரேகைபோல் அறிந்தவர்கள் அவர்கள். ஆயுதத்துக்கு உதவவில்லை என்பதற்காக அந்த அறிவைப் பழைய சரக்கென்று மூட்டை கட்டி வைக்காதீர்கள். அவர்கள் ஓய்வு பெற்றுப் போவதற்குள் நம் பொறியியல் கல்லூரிகளின் ஆய்வகங்களுக்கு அழைத்து வாருங்கள். மாணவர்களைப் பக்கத்தில் நிறுத்துங்கள்.